மூன்றாவது சாவி

மூன்று நாளாக நான் கிழிக்காமல் விட்டிருந்த தினசரி காலண்டர், புதன்கிழமை மாலை அலுவலகத்திலிருந்து திரும்பியபோது சரியான தேதியைக் காட்டிக்கொண்டிருந்தது. வீடு பூட்டித்தான் இருந்தது. பூட்டைத் திறந்து உள்ளே வந்தது நான்தான். கிழிக்கப்பட்ட மூன்று தாள்களும் ஒழுங்காக மடிக்கப்பட்டு, காற்றில் பறக்காதபடி உப்பு டப்பாவின் கீழ் வைக்கப்பட்டிருந்தன.

நான் ஏற்காட்டில் குடியேறி அப்போது இரண்டு வாரம் ஆகியிருந்தது. பூட்டு வீட்டுக்காரர் கொடுத்தது; அவரிடம் இன்னொரு சாவி இருக்கும் என்று எனக்குத் தெரியும். நான் இல்லாத நேரத்தில் அதைப் பயன்படுத்துவார் என்று தெரியாது.

டவுனில் ஒண்டிக்கடை என்ற சந்திப்பிலிருந்து பத்து நிமிடம் கீழே இறங்கினால் அந்த வீடு. முன்பக்கம் அவர் இருக்கும் பெரிய வீடு, பின்னால் சரிவில் இரண்டு அறையும் ஒரு சமையலறையும் கொண்ட என் வீடு. நடுவில் சில்வர் ஓக் மரங்கள், அவற்றில் ஏறிய மிளகுக் கொடி. வெளியூருக்குப் போய்விட்ட மகனுக்காகக் கட்டியது என்றார். மனைவி இறந்த பிறகு அவர் தனியாகத்தான் இருந்தார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். கை இல்லாத ஸ்வெட்டரும், காதை மூடும் குல்லாவும், மழை இல்லாத நாளிலும் கையில் ஒரு குடையும்.

எங்கள் ஊர் அதே மலையில் உள்ளே இருக்கும் மாரமங்கலம். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் போன முதல் ஆள் நான். கல்லூரி, அரசுத் தேர்வு, வேலை, மாதச் சம்பளம் எல்லாவற்றிலும் நான்தான் முதல். இதைச் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் உயர்ந்துவிடுகிறது என்று தோழிகள் சொல்வார்கள். உயரட்டும்.

ஏற்காட்டில் ஓர் அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளராக வேலை கிடைத்தது. ஊரிலிருந்து பஸ்ஸில் வந்துபோகலாம்தான், காலை பஸ் வந்தால். மழைக்காலத்தில் அது வராத நாட்கள் நிறைய. டவுனில் வீடு தேடினேன். காலியாக இருந்த வீடுகளெல்லாம் சுற்றுலா வருபவர்களுக்கு நாள் வாடகைக்கு விடப்பட்டிருந்தன. மீதியிருந்த நாலு இடங்களில், தனியாக இருக்கப்போகும் பெண் என்றதும் பேச்சு நின்றுவிட்டது. வீடு கிடைக்காவிட்டால் ஊருக்கே வந்துவிட வேண்டும், வைகாசிக்குள் கல்யாணத்தை முடித்துவிட வேண்டும் என்பது அம்மாவின் திட்டம். பஸ் வராத நாளுக்கு லீவு போட்டுக்கொள்ளலாமாம்.

ஐந்தாவதாகப் பார்த்தவர் இந்த வீட்டுக்காரர். என் அப்பாவின் பெயரைக் கேட்டார். சொன்னேன்.

"அட, நம்ம செக்ரோல்ல இருந்த ஆளு. அவன் மவளா நீயி?" என்றார்.

எஸ்டேட்டில் தினமும் வேலைக்கு வந்த ஆட்களைக் குறிக்கும் பேரேடு செக்ரோல். அதை எழுதும் ரைட்டராக முப்பது வருடத்துக்கு மேல் இருந்தவர் அவர். காப்பி பறிக்கும் மாதங்களில் என் அப்பாவும் அம்மாவும் அந்த எஸ்டேட்டில்தான் வேலை செய்தார்கள். அன்றே சாவியைக் கொடுத்துவிட்டார். அப்பாவின் பெயருக்காகக் கிடைத்த வீடு என்பதில் எனக்கு அப்போது பெருமைதான்.

காலண்டருக்குப் பிறகு மற்றவையும் கண்ணில் படத் தொடங்கின. மூடி வைத்துவிட்டுப் போன ஜன்னல்கள் திறந்திருக்கும். வாளி கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கும். ஒருநாள் கேஸ் சிலிண்டர் சமையலறையின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு மாறியிருந்தது. இன்னொரு நாள் உள்ளே கயிற்றில் காயப்போட்டிருந்த துணிகள் மடிக்கப்பட்டு நாற்காலியில் இருந்தன. எல்லாத் துணிகளும். நான் அவற்றை எடுத்து மறுபடியும் துவைத்தேன்.

மறுநாள் காலை வாசலில் அவரைப் பார்த்துக் கேட்டேன்.

"வெய்யலு வந்துச்சு கண்ணு," என்றார். "இந்த மலையில வெய்யலு வர்றப்ப ஜன்னலத் தொறந்து வுட்டரோணும். இல்லீனா செவுரெல்லாம் பூசணம் பூத்துப்போகும். நீ ஆபீஸ்ல இருக்கற. நான் சும்மாதான இருக்கறேன்."

"துணிய நானே எடுத்துக்குவேன் சார்."

"ஈரம் பட்டிருமேன்னு எடுத்தேன். அதிலென்ன?"

அவர் சொன்னதில் பொய் இல்லை. மூடுபனி மாதங்களில் அந்த வீட்டின் வடக்குச் சுவரில் கைவைத்தால் ஈரம் ஒட்டும். அவருக்கு என்னிடமிருந்து எதுவும் வேண்டியிருக்கவில்லை என்பதும் எனக்குத் தெரியும். கெட்ட நோக்கம் இருந்திருந்தால் பேசுவது சுலபமாக இருந்திருக்கும்.

எனக்கு மேலே இருக்கும் உதவியாளர் அடிவாரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் ஏறி வருபவர். ஐம்பதைத் தாண்டிய பெண்மணி. அவரிடம் மட்டும் சொன்னேன்.

"கல்யாணத்துக்கு முன்னாடியே ஒரு மாமனாரு கெடச்சுட்டாரு போல," என்றார் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபடி. "எம் மாமனாருகூட எந்துணிய மடிச்சதில்ல. குடுத்துவெச்சவ நீ."

"சிரிக்காதீங்கக்கா."

"சிரிக்காம? சரி, பூட்ட மாத்து. பூட்டு உன்னுதா இருந்தாச் சாவியும் உன்னுதுதான?"

நான் உடனே மாற்றவில்லை. அந்த வீட்டை இழக்கும் நிலையில் நான் இல்லை. பூட்டு விஷயம் சண்டையில் முடிந்தால், அடுத்த வாரமே அம்மா மாப்பிள்ளை வீட்டாரை வரச் சொல்லிவிடுவார்.

மாற்ற வைத்தது ஒரு நோட்டுப் புத்தகம். அடுத்த நிலை வேலைக்கான தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருந்தேன். நானே நேரம் வைத்து எழுதிப் பார்த்த மாதிரித் தேர்வுகளின் மதிப்பெண்களை ஒரு நோட்டில் குறித்து வைப்பேன். அதை நான் யாருக்கும் காட்டியதில்லை. கணக்குப் பகுதியில் மதிப்பெண் கேவலமாக இருந்தது. அந்த நோட்டு என் கட்டிலில் தலையணைக்கு அடியில்தான் இருக்கும்.

ஒரு மாலை, நான் கேட்டைத் திறக்கும்போதே அவர் தன் வீட்டுப் படியிலிருந்து சொன்னார்: "கணக்குலதான் கொஞ்சம் பலம் பத்தாது போல இருக்குது. அதுக்கு ஒரு ஆளு இருக்காரு, சொல்லி வுடட்டா கண்ணு?"

அவர் உதவத்தான் கேட்டார். நான் உள்ளே போய், நோட்டை எடுத்து அந்தப் பக்கங்களைக் கிழித்து அடுப்புத் தீயில் காட்டி எரித்தேன். துணிகளை மடித்து வைத்திருந்த நாளில்கூட எனக்கு அவ்வளவு கூச்சம் வரவில்லை. ஒரு பெண்ணுக்கு எது அதிகம் கூச்சம் தர வேண்டும் என்று ஊரில் ஒரு வரிசை வைத்திருப்பார்கள். எனக்கு அந்த வரிசை பொருந்தவில்லை.

மறுநாள் ஒண்டிக்கடையில் ஹார்டுவேர் கடைக்குப் போனேன்.

"நல்ல பூட்டா ஒண்ணு குடுங்க."

"ஏனுங்க, நகைநட்டு நெறைய இருக்குங்களா?" என்றார் கடைக்காரர்.

"இருந்தா உங்ககிட்டச் சொல்லுவனுங்களா?"

அவர் சிரித்துக்கொண்டே ஒரு பித்தளைப் பூட்டை எடுத்து வைத்தார். மூன்று சாவிகள் இருந்தன. ஒன்று எனக்கு, ஒன்று அலுவலக மேசை டிராயருக்கு, மூன்றாவதை ஊரில் அம்மாவிடம் கொடுத்துவிடலாம் என்று நடந்துகொண்டே முடிவு செய்தேன்.

பூட்டை மாட்டிய அன்று மாலையே அவர் வந்து நின்றார். கோபமெல்லாம் இல்லை. பூட்டைக் கையில் பிடித்து எடை பார்த்தார்.

"நல்ல பூட்டுதான். இதுல ஒரு சாவி எங்கிட்ட இருக்கட்டும் கண்ணு. தீ, தண்ணி, ஏதாச்சும் ஆச்சுன்னா வேணுமில்ல?"

"சரிங்க," என்று சொல்லி, மூன்றாவது சாவியை அவர் கையில் வைத்தேன்.

அவர் போன பிறகும் நான் கதவருகில் நின்றுகொண்டிருந்தேன். அவர் கேட்டதும் நான் யோசிக்கவே இல்லை. அந்த 'சரிங்க' என் வாயிலிருந்து வந்தது, ஆனால் அது என் அம்மாவின் 'சரிங்க'. அதே இழுப்பு, அதே தலைக்குனிவு.

எஸ்டேட்டில் லைன் என்பது ஒரே கூரையின் கீழ் வரிசையாக இருக்கும் தொழிலாளர் அறைகள். காப்பிப் பழம் பறிக்கும் மாதங்களில் நாங்கள் அங்கேதான் தங்குவோம். எனக்கு அப்போது ஐந்து அல்லது ஆறு வயது. விடிகிற நேரத்தில் கதவு தள்ளப்படும். குடையின் முனை முதலில் உள்ளே வரும், பிறகு சேறு ஒட்டிய செருப்பு. யார் வேலைக்கு வரவில்லை என்று பார்க்க ரைட்டர் வருவது வழக்கம். ஒருநாள் அம்மா படுத்திருந்தார். "காச்சலுங்க," என்றார் அப்பா. ரைட்டர் உள்ளே வந்து, குடை முனையால் கம்பளியைத் தூக்கிப் பார்த்தார். அம்மாவுக்குப் பக்கத்தில் நான் சுருண்டு கிடந்தேன். பார்த்துவிட்டு, அடுத்த அறைக்குப் போனார். அந்த அறைக் கதவையும் அவர் தட்டவில்லை. லைனில் யாரும் யார் கதவையும் தட்டியதில்லை, கதவுகள் எஸ்டேட்டுடையவை.

அந்த ரைட்டர் இவர்தான். அவர் என்னை ஏமாற்றவில்லை. என் அப்பா யார் என்று கேட்டுத் தெரிந்துகொண்டுதான் வீடு கொடுத்தார். எனக்குக் கொடுத்தது ஒரு லைன் அறை என்பதுதான் எனக்குப் புரிய நாளானது.

தை மாதம், பறிப்பெல்லாம் முடிந்த பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா என்னைப் பார்க்க வந்தார். நான் குடியேறிய பிறகு அவர் முதல் முறையாக வந்தது அன்றுதான். கதவைச் சாத்திவிட்டு இருவரும் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். ரசம் ஊற்றிப் பிசைந்துகொண்டிருந்தார். என் சமையலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாவது முறை சோறு கேட்டார், அது போதும்.

கதவு திறந்தது. பூசை முடிந்து வந்த உடையிலேயே வீட்டுக்காரர் உள்ளே வந்தார்.

"வெய்யலு வந்துருச்சு. ஜன்னலத் தொறந்து வுட்டுட்டுப் போயர்றேன்," என்றபடி நேராக ஜன்னலுக்குப் போனார்.

அப்பா எழுந்துவிட்டார். எச்சில் கையை உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு, இடது கையால் மடித்துக் கட்டியிருந்த வேட்டியை இறக்கிவிட்டார். தோளில் இருந்த துண்டு இடுப்புக்கு வந்தது. எல்லாம் ஒரே அசைவில் நடந்தது.

"அட, நீயா? ஒக்காரு, ஒக்காரு," என்றார் அவர். "புள்ளைய நல்லாப் படிக்க வெச்சுட்டப்பா."

"எல்லாம் ஐயா புண்ணியமுங்க," என்றார் அப்பா.

என் பத்தாம் வகுப்புக்கு அப்பா விற்ற ஆடுகள் எனக்கு நினைவிருக்கின்றன. அவற்றில் எதுவும் ரைட்டருடையது அல்ல.

"சார்," என்றேன். "வெளிய போயிட்டு, கதவத் தட்டிட்டு வாங்க."

ஒரு ஜன்னலைத் திறந்துவிட்டு அடுத்ததில் கைவைத்திருந்தார். "என்ன கண்ணு?"

"கதவத் தட்டிட்டு வாங்கன்னு சொன்னனுங்க. நான் வாங்கன்னு சொன்னதுக்கப்பறம் வாங்க."

என் குரல் உயரவில்லை. அதில் எனக்கே வியப்பு. அவர் அப்பாவைப் பார்த்தார். அப்பா தட்டைப் பார்த்தார். பிறகு அவர் குடையை எடுத்துக்கொண்டு வெளியே போனார். தட்டும் சத்தத்துக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. செருப்புச் சத்தம் அவர் வீட்டுப் படி வரை போய் நின்றது.

அப்பா மீதிச் சோற்றைச் சாப்பிடவில்லை. கையைக் கழுவிவிட்டு வந்தார்.

"அது அவரோட ஊடு கண்ணு," என்றார்.

"வாடக குடுக்கற வரைக்கும் என்னோட ஊடுங்கப்பா."

"காலி பண்ணுன்னு சொல்லிட்டா?"

"சொல்லட்டும்."

"சொல்லட்டும்ங்கறது நொம்பச் சுலுவு." துண்டால் வாயைத் துடைத்தார். "அவரு கதவத் தட்டி நான் பாத்ததில்ல. எஸ்டேட் தொரயோட பங்களாவுல மட்டும் பின்னால படிக்கட்டுக்குக் கீழயே நிப்பாரு, தொர கூப்புடற வரைக்கும்." இரண்டு மணி பஸ்ஸுக்குப் போய்விட்டார். போகும்போது முன்வீட்டுப் பக்கம் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். அங்கே யாரும் இல்லை.

மூன்று நாள் காத்திருந்தேன். காலி செய் என்ற சொல் வரவில்லை. வேறு சொல்லும் வரவில்லை. காலண்டர் கிழிக்கப்படவில்லை. நான்காம் நாள், நானே ஒரு கடிதம் எழுதினேன். வீட்டு உரிமையாளர் உள்ளே வர வேண்டுமானால் இருபத்து நான்கு மணி நேரம் முன்பே எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று வாடகைச் சட்டத்தில் இருக்கிறது. அலுவலகத்து அக்காவுக்கு அது எப்படியோ தெரிந்திருந்தது; நான் தேடிப் படித்து உறுதி செய்துகொண்டேன். அதைக் குறிப்பிட்டு, அவர் செய்த உதவிகளுக்கு நன்றியும் சொல்லி, மூன்றாவது சாவியைத் திருப்பித் தருமாறு கேட்டு, ஒரு முழுப்பக்கம். நாலு தடவை திருத்தி எழுதினேன்.

அவர் வீட்டு வாசலில் நின்று அழைப்பு மணியை அடித்தேன். வந்தார். கடிதத்தை வாங்கி, கண்ணாடியைப் போட்டு, நின்றபடியே இரண்டு முறை படித்தார்.

"இது ஆரு எழுதுனது?"

"நாந்தாங்க."

"எழுத்து நல்லாருக்குது." தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். "தேதியக் காணமே. கையெழுத்தும் இல்ல. தேதியில்லாத காயிதத்த நான் வாங்கறதில்ல."

என்னிடமே திருப்பிக் கொடுத்தார். அங்கேயே, அவர் வீட்டுச் சுவரில் தாளை வைத்து, தேதி போட்டுக் கையெழுத்திட்டேன். கையெழுத்து கோணலாகத்தான் வந்தது. வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினார்.

மறுநாள் காலை என் கதவிடுக்கில் ஓர் உறை கிடந்தது. உள்ளே சாவி. கூடவே ஒரு சீட்டு: 'சாவி ஒன்று பெற்றுக்கொண்டேன்' என்று எழுதி, நான் கையெழுத்துப் போட இடம் விட்டிருந்தார். போட்டு, அவர் வீட்டுக் கதவிடுக்கில் செருகினேன்.

அதன் பிறகு எல்லாம் சீட்டுதான். 'வரிசை எண் 1. நாளை காலை எட்டு மணிக்கு, தண்ணீர்க் குழாய் பார்க்க வர வேண்டியுள்ளது.' கீழே பெயர், தேதி. அடுத்தது வரிசை எண் 2. சொன்ன நேரத்துக்கு வந்து, இரண்டு முறை தட்டி, ஒரு எட்டு பின்னால் தள்ளி நிற்பார். நான் வாங்க என்றால் வருவார். வேலையை முடித்துவிட்டு, கண்ணை வேறெங்கும் திருப்பாமல் போவார். கண்ணு என்று கூப்பிடுவது நின்றுவிட்டது. 'மேடம்' என்று ஆகிவிட்டேன். அது கிண்டலா, எஸ்டேட் பழக்கமா, மரியாதையா என்று தெரியவில்லை. அப்படிக் கூப்பிடச் சொல்லி நான் கேட்கவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

இதில் இழப்பும் இருந்தது. வெயில் சீட்டுக் கொடுத்துவிட்டு வருவதில்லை. நான் அலுவலகத்தில் இருக்கும்போது மேகம் விலகும், வீடு மூடியே கிடக்கும். அடுத்த மழைக்காலத்தில் வடக்குச் சுவர் அவர் சொன்னது போலவே பூத்துப்போயிற்று. அலமாரியில் கீழ்த்தட்டில் இருந்த புத்தகங்களில் பச்சை படர்ந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் ப்ளீச்சிங் பவுடரும் பழைய துணியுமாக நானே தேய்க்கிறேன். அக்கா கேட்டார், "அவருகிட்டயே சொல்லலாமில்ல?" என்று. சொல்லலாம். சொல்லவில்லை.

தேர்வில் அந்த முறை தேறவில்லை. கணக்கில்தான் போனது. மறுபடி எழுதுகிறேன். மதிப்பெண் நோட்டு இப்போது மேசை மேலேயே கிடக்கிறது.

அந்த மழைக்காலத்துக்கு முன்பே, பங்குனி கடைசியில் அப்பா மறுபடி வந்தார். அன்று வெயில். கதவை விரியத் திறந்து வைத்துவிட்டுச் சமையலறையில் இருந்தேன். ஏதோ எடுக்க முன்னறைக்கு வந்தபோது, வாசலுக்கு வெளியே, படியிலிருந்து இரண்டடி தள்ளி, அப்பா நின்றுகொண்டிருந்தார்.

"எப்ப வந்தீங்க?"

"கொஞ்ச நேரமாச்சு."

"உள்ள வர்றதுக்கென்னங்கப்பா? கதவு தொறந்துதான கெடக்குது."

"ஊட்டுக்காரங்க கூப்பிட்டாத்தான வரோணும்," என்றார்.

அவர் முகத்தில் சிரிப்பு இல்லை, கோபமும் இல்லை. அன்று நடந்ததற்கு என்னைக் குத்திக்காட்டுகிறாரா என்று பார்த்தேன். கண்டுபிடிக்க முடியவில்லை. அது உங்களுக்காகச் சொன்னது இல்லை, என்றேன். தலையை ஆட்டினார். அடுத்த முறையும் அப்படியே வந்து நின்றார், அப்போதும் அதையே சொன்னேன்.

மூன்றாவது முறை நான் சொல்லவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்குப் போய், "வாங்க" என்றேன். உள்ளே வந்தார்.